வீட்டுப் பிராணிகளிடமிருந்து நமக்கு நோய் தொற்றாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்க்கிற வீட்டில் குழந்தை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருமினால் முதல் பழி நாயின் மேல்தான் விழும். "அந்த முடிதான் வயித்துக்குள்ள போயிருக்கு" என்று பக்கத்து வீட்டிலிருந்தே தீர்ப்பு வந்துவிடும். அதே குழந்தையின் கையில் நாய்க்குட்டி விளையாட்டாகப் பல்லைப் பதித்திருந்தால், "சின்னக் கீறல்தானே" என்று தேங்காய் எண்ணெயைத் தடவி விட்டுவிடுவார்கள். பயப்பட வேண்டாத இடத்தில் நடுங்குவதும், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருப்பதும் கால்நடை மருத்துவம் பார்க்கிற எங்களுக்குத் தினமும் கண்ணில் படுகிற சங்கதி. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மனிதர்களுக்கு மருந்து எழுதுவது என் வேலை இல்லை, அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார். நோய் வராமல் பார்த்துக்கொள்ளும் வழியைத்தான் நான் சொல்ல முடியும்.

நாய், பூனை முடி வயிற்றுக்குள் போனால் நோய் வருமா?

வராது. விழுங்கிய முடி செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பிராணிகள் பக்கத்தில் இருந்தால் இழுப்பு கூடுவது உண்மைதான். அதற்குக் காரணம் அவற்றின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கிற புரதம். அது ஒவ்வாமை, தொற்று இல்லை. முடியை விட, முடியில் ஒட்டியிருக்கிற மண்ணையும் புழு முட்டையையும்தான் கவனிக்க வேண்டும். சானிடைசர் புழு முட்டையை ஒன்றும் செய்யாது. நாயோடு புரண்டு விளையாடிய பிள்ளையைச் சாப்பிட உட்காரும் முன் சோப்போடு குழாயடிக்கு அனுப்புங்கள்.

நாய் கடித்துவிட்டது. முதல் வேலை என்ன?

குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவுவது. ஆஸ்பத்திரிக்கு ஓடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவினால்தான் தெரியும். ஓடுகிற தண்ணீரில் காயத்தைக் காட்டி, பல் பதிந்த குழிக்குள் நுரை போகும்படி தேய்த்து, அலசி, மறுபடி சோப்புப் போட வேண்டும். எரியும். குழந்தை கத்தும். இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். வெறிநாய்க்கடி நோயான ரேபிஸை உண்டாக்கும் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். காயத்தில் இருக்கும்வரை அழிக்க முடிகிற கிருமி, நரம்புக்குள் ஏறிவிட்டால் மூளையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மூளையை எட்டி அறிகுறிகள் தெரிய ஆரம்பித்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கழுவி முடித்ததும் பெட்டாடைன் மாதிரி ஒரு கிருமிநாசினி போடலாம். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டுப் போடவும் வேண்டாம். அன்றே ஊசிக்குப் போய்விட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் நாய்க்கடி ஊசி இலவசம்.

கடித்துச் சில வாரம் ஆகிவிட்டவர்கள் "இனிமேல் போட்டு என்ன ஆகப்போகிறது" என்று இருந்துவிட வேண்டாம். நோய் வெளிப்பட வழக்கமாக 2, 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரே வாரத்திலும் வரலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். இன்றைக்குப் போனாலும் பலன் உண்டு.

ரத்தமே வரவில்லை, கீறல்தான். அதற்கும் ஊசியா?

ஆமாம். டாக்டர்கள் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். நாயைத் தொட்டது, சோறு போட்டது, காயமில்லாத தோலில் அது நக்கியது முதல் வகை. கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. ரத்தம் வராத கீறலும், தோலை லேசாகக் கவ்வியதும் இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது எல்லாம் மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்கிற சீரத்தையும் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும்.

பலருக்கு விட்டுப்போவது இந்தச் சீரம்தான். தடுப்பூசி போட்டதும் உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கடித்த இடத்திலேயே வைரஸை மடக்கி வைப்பது சீரத்தின் வேலை. முகத்திலோ கழுத்திலோ கை விரலிலோ கடி விழுந்திருந்தால் அந்த ஒரு வாரம் ரொம்பப் பெரிய விஷயம். "சீரம் போடணுமா டாக்டர்?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அங்கே இருப்பில் இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து அன்றே போய்விடுங்கள்.

ரேபிஸ் ஆபத்தில் மாட்டுகிறவர்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர். நாயைச் சீண்டினாயா என்று முதுகில் ஒன்று விழும் என்ற பயத்தில் கடிபட்டதையே மறைத்துவிடுவார்கள். திட்டாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களாமே?

அது பழைய கதை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தை இந்தியாவில் 2000-களின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான் ஊசி, சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28. இதில் 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் இல்லை. பாதியில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது ஊசிக்கு அப்புறம்தான் நிறுத்துகிறார்கள். புண் ஆறிவிட்டது, வலி இல்லை, வேலைக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஆயிரம் காரணம். தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பத்தியம் எதுவும் கிடையாது. கோழி, கத்திரிக்காய், மீன் எல்லாம் சாப்பிடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த ஊசியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டு நாய்க்கு வருடா வருடம் ஊசி போடுகிறோம். அது கடித்தாலுமா?

வீட்டு நாய் என்றாலும் காயத்தைக் கழுவி டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். ஊசி போட்ட எல்லா நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி ஒரே மாதிரி வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மருந்து குளிர்ச்சி கெட்டுப் போயிருக்கலாம், தவணை தள்ளிப் போயிருக்கலாம். ஆகவே ஊசியை ஆரம்பித்துவிட்டு நாயை 10 நாள் கவனியுங்கள். ரேபிஸ் உள்ள நாயின் எச்சிலில் வைரஸ் வருவது அது நோயில் விழுவதற்குச் சில நாள் முன்பிருந்துதான். 10 நாள் கழித்தும் நாய் வழக்கம்போலத் தின்று, குடித்து, வாலாட்டிக்கொண்டிருந்தால் கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். அப்போது மிச்ச ஊசிகளை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான், குரங்குக்குப் பொருந்தாது. கடித்தது தெருநாய், ஓடிவிட்டது என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிட்டால் கவனிக்க நாயே இருக்காது என்பதையும் யோசியுங்கள்.

முன்பே முழுசாக ஊசி போட்டவரை மறுபடி நாய் கடித்தால்?

0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும். சீரம் தேவையில்லை. பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இந்த லாபம். நாய்களோடு புழங்குகிறவர்கள் கடிபடும் முன்பே முன்தடுப்பாக ஊசி போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் நாய் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கும் போடலாமா என்று குழந்தை டாக்டரைக் கேளுங்கள்.

வெறிநாய் கடித்த மாட்டின் பாலைக் குடித்துவிட்டோம்.

காய்ச்சிய பால் என்றால் கவலையே வேண்டாம். காய்ச்சும் சூட்டில் வைரஸ் தாங்காது. பச்சைப் பாலாகக் குடித்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் பீதி வேண்டாம். இந்த மாதிரி நேரத்தில் ஊர் முழுக்க ஊசிக்கு வரிசையில் நிற்கும். அந்த மாட்டின் வாய்க்குள் கையை விட்டுத் தொண்டையில் என்னமோ சிக்கியிருக்கிறது என்று தேடியவர் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பார். முதலில் வர வேண்டியவர் அவர்தான். ரேபிஸ் வந்த மாட்டுக்கு விழுங்க முடியாது, எச்சில் ஒழுகும், தொண்டையில் மாங்கொட்டை அடைத்தது போலவே இருக்கும்.

குட்டிக்கு எந்த ஊசி எப்போது போட வேண்டும்?

6 முதல் 8 வாரத்தில் பல நோய்களுக்கும் சேர்த்துப் போடுகிற கூட்டுத் தடுப்பூசி, பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை அதன் அடுத்த தவணைகள். ரேபிஸ் ஊசி 3 மாதம் முடிந்ததும், அப்புறம் உங்கள் கால்நடை மருத்துவர் சொல்லும் தேதியில் ஒரு ஊக்க ஊசி, அதன்பின் வருடத்துக்கு ஒன்று. பூனைக்கும் ரேபிஸ் ஊசி உண்டு. வீட்டை விட்டே போகாத பூனை என்பார்கள், இரவில் ஓட்டின் மேல் அது எங்கே போய் வருகிறது என்று யார் பார்த்தது? சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் வாங்கவே ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும். 3 மாதம் ஆகும்வரை குட்டிக்குப் பாதுகாப்பு இல்லை என்பதால் தெருநாய்களோடு பழக விடாதீர்கள். குட்டி கடித்தால் ஒன்றுமில்லை என்ற எண்ணமும் வேண்டாம், குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

பார்வோ வந்த குட்டியைத் தூக்கி வைத்திருந்தேன். எனக்கு வருமா?

வராது. பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் நாய்களுக்கு வருகிற வைரஸ் நோய்கள், மனிதரைத் தாக்குவதில்லை. ஆனால் உங்கள் கை, செருப்பு வழியாக அடுத்த வீட்டுக் குட்டிக்குப் போகும்.

பூச்சி மருந்து எத்தனை நாளைக்கு ஒருமுறை? மலத்தில் புழு தெரியவில்லையே?

தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். பல நாய்க்குட்டிகள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருண்டைப் புழுவை வாங்கிக்கொண்டுதான் பிறக்கின்றன. அதனால் 2 வாரத்திலேயே முதல் மருந்து. பிறகு 8 வாரம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்குமேல் 3 மாதத்துக்கு ஒருமுறை. குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எடை பார்க்காமல் குத்துமதிப்பாகக் கொடுப்பதால்தான் பாதி மருந்து வீணாகிறது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள். வித்தியாசம்தான் குட்டியின் எடை.

நாயின் புழு நமக்குள் வந்தால் அதற்கு வழி தெரியாது. குடலில் குடியிருக்காமல் ஈரல், நுரையீரல் என்று அலையும். எப்போதாவது கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுக்கும். மண்ணில் விளையாடிவிட்டு விரல் சூப்பும் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. மலத்தோடு அப்போதுதான் வெளியே வந்த உருண்டைப் புழு முட்டையால் தொற்றாது. மண்ணில் கிடந்து முதிர இரண்டு, மூன்று வாரம் ஆகும். அப்புறம் அது வருடக்கணக்கில் மண்ணிலேயே உயிரோடு இருக்கும். அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் கதை முடிந்தது. மொட்டை மாடியில் ஒரு மூலையை நாய்க்கு ஒதுக்கி, வாரக் கடைசியில் சேர்த்துக் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டு வைக்கிற வீடுகளில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

காலில் சிவப்புக் கோடு மாதிரி ஒன்று நாளுக்கு நாள் நகர்கிறது.

நாய், பூனைகளின் கொக்கிப் புழுவின் இளம் புழுவாக இருக்கலாம். இது வாய் வழியாக வர வேண்டியதில்லை, வெறுங்காலின் தோலைத் துளைத்தே நுழையும். நுழைந்தபின் ஆழமாகப் போக முடியாமல் தோலுக்கடியிலேயே வளைந்து வளைந்து ஊரும். அரிப்பு உயிர் போகும், இரவில் இன்னும் மோசம். கடற்கரை மணல் ஒரு காரணம். அதை விடப் பக்கத்தில் இருப்பது வீடு கட்டுவதற்காகத் தெருவில் கொட்டி வைக்கிற மணல் குவியல். பகலில் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடுவார்கள், இரவில் தெருவின் அத்தனை நாயும் பூனையும் அதைக் கக்கூசாக வைத்துக்கொள்ளும். சாயங்காலம் மணலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வந்துவிட்டால் டாக்டர் தரும் மாத்திரையில் சரியாகிவிடும், சூடு வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

கறிக்கடையில் கிடைக்கிற குடல், ஈரல் துண்டுகளைப் பச்சையாகப் போடலாமா?

போடாதீர்கள். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் தண்ணீர் நிறைந்த கட்டிகள் இருக்கும். கறிக்கடைக்காரர் அதை மட்டும் அறுத்துத் தெருநாய்க்கு வீசிவிடுவார். அந்தக் கட்டிக்குள் இருப்பது ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சுகள். தின்ற நாயின் குடலில் அவை வளர்ந்து முட்டை போடும். நாய்க்கு ஒரு சிரமமும் தெரியாது. அந்த முட்டை நம் வாய்க்குள் போனால் நம்முடைய ஈரலில் அதே கட்டி, வருடக்கணக்கில் மெதுவாக வளரும். பலருக்கு ஆபரேஷன் வரை போகும். நன்றாக வேகவைத்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கறி தின்கிற நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்தில் பிராசிகுவான்டல் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். சாதாரண மருந்துகள் எல்லாம் இந்த நாடாப்புழுவைத் தொடுவதில்லை.

வாலுக்கடியில் அரிசி மணி மாதிரி ஒட்டியிருப்பது வேறொரு நாடாப்புழுவின் துண்டு. அது தெள்ளுப்பூச்சி மூலம் பரவுவது. தெள்ளை ஒழிக்காமல் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் திரும்ப வரும்.

இப்போது பச்சைக்கறிச் சாப்பாடு ஒரு நாகரிகமாகி வருகிறது. நாய்க்கு அது நல்லதோ கெட்டதோ, அதைக் கழுவுகிற சிங்க்கில்தான் உங்கள் குழந்தையின் பால் பாட்டிலும் கழுவப்படுகிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்குகிற சால்மோனெல்லா கிருமிக்கு அது போதும்.

மனைவி கர்ப்பம். பூனையை எங்கேயாவது விட்டுவிடச் சொல்கிறார்கள்.

பெரியவர்கள் சொல்வதில் காரணம் இல்லாமல் இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்பிணிக்கு முதல்முறையாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம். அந்த ஒட்டுண்ணி முட்டையிடுவது பூனையின் குடலில்தான். ஆனால் கணக்குப் பாருங்கள். பூனை தன் ஆயுளில் பெரும்பாலும் ஒரேமுறை, அதுவும் ஓரிரு வாரம்தான் அதை வெளியேற்றும். வெளியேறிய முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்தால் அதற்கு நேரமே கிடைக்காது. அந்த வேலையைப் பிரசவம் வரை வீட்டுக்காரர் செய்யட்டும். பூனையை மடியில் வைத்துக்கொள்வதால் ஒன்றும் வராது.

பூனையை விரட்டிவிட்டு அரைவேக்காட்டுக் கறி சாப்பிட்டால் பிரயோஜனம் இல்லை. இந்த ஒட்டுண்ணி சரியாக வேகாத கறி மூலமும் மண் போகாத கீரை மூலமும் வரும். தோட்ட வேலை செய்தால் கையுறை போடுங்கள்.

குழந்தையின் உடம்பில் வட்ட வட்டமாகப் படர்தாமரை. பூனையிடமிருந்தா?

இருக்கலாம். குட்டிப் பூனை, அதிலும் நீள முடி உள்ள பெர்சியன் பூனை என்றால் சந்தேகம் கூடும். காதோரம், மூக்கு, முன்னங்கால்களில் முடி கொட்டித் தவிடு மாதிரி உரிகிறதா என்று பாருங்கள். சில பூனைகளில் ஒன்றுமே தெரியாமலும் காளான் இருக்கும். பூனைக்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மருத்துவம் பார்த்தால்தான் ஒழியும். மெத்தை விரிப்பு, சீப்பு, பூனை படுக்கிற சாக்கு எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும்.

மெடிக்கலில் நேராகப் போய் ஒரு டியூப் வாங்கித் தடவுவது இதில் நடக்கிற பெரிய தப்பு. அந்தக் கலப்பு களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், காளான் மட்டும் உள்ளே நிம்மதியாகப் படரும். பிறகு தோல் டாக்டருக்கே அடையாளம் தெரியாத உருவத்தில் வந்து நிற்பார்கள்.

சொறி நாயைத் தொட்டால்?

ஒருவகைச் சொறிப்பூச்சி நம் மேல் ஏறிக் கை, வயிறு எல்லாம் அரிக்க வைக்கும். ஆனால் அதனால் மனிதத் தோலில் பெருக முடியாது. நாய்க்கு வைத்தியம் செய்துவிட்டால் சில வாரத்தில் தானாக அடங்கும். டெமோடெக்ஸ் என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தால் அது வேறு பூச்சி, நமக்கு ஒட்டாது.

உண்ணியைக் கையால் நசுக்கலாமா?

நசுக்குகிற சத்தத்தில் ஒரு திருப்தி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் வயிற்றுக்குள் இருக்கிற ரத்தமும் கிருமியும் விரல் இடுக்கில் உள்ள கீறல் வழியே உள்ளே போகும், கண்ணைக் கசக்கினால் கண் வழியே போகும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். நாயின் மேல் தெரிவது கொஞ்சம்தான், மிச்சம் சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் இருக்கும். அங்கேயும் மருந்தடிக்காமல் நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. மண்ணெண்ணெய், பெட்ரோல் தடவாதீர்கள். நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை செத்துவிடும்.

செய்தியில் வருகிற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நாய் உண்ணியால் வருவது இல்லை. புதர்களில் இருக்கிற மிகச் சிறிய ஒரு பூச்சியின் இளம் பருவம் கடிப்பதால் வருவது. அதற்காக நாயை வெளியே கட்ட வேண்டாம். காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கருகினாற்போல் ஒரு புண் இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு மடிப்பெல்லாம் பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் நாய் மூலமும் வருமா?

வரும். லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரில் வருவது எல்லோருக்கும் தெரியும். நாய், மாடு, பன்றி இவற்றின் சிறுநீரிலும் வரும். நோயிலிருந்து எழுந்துவிட்ட நாய்கூட வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அதை வெளியேற்றும். கால் வெடிப்பு, சேற்றுப்புண் வழியாக நமக்குள் நுழையும். கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் மருந்து உண்டு. ஆனால் அதன் பாதுகாப்பு சுமார் ஒரு வருடம்தான், எல்லா ரகக் கிருமிக்கும் பொருந்தாது. மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

நாய்த் தட்டில் மிச்சச் சோற்றை ராத்திரி முழுக்க விட்டு வைக்காதீர்கள். அது எலிக்கு வைத்த விருந்து. நாய் சிறுநீர் கழித்த தரையைக் கையுறை போட்டு பிளீச்சிங் தண்ணீரால் கழுவுங்கள். தேங்கிய தண்ணீரில் நடந்த பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

பூனை பிறாண்டியது ஆறிவிட்டது, ஆனால் அக்குளில் நெறி கட்டியிருக்கிறது.

பூனைக் கீறல் நோயாக இருக்கலாம். தெள்ளுப்பூச்சியின் எச்சம் பூனையின் நகத்தில் ஒட்டி, கீறலில் இறங்குகிறது. குட்டிப் பூனைகளிடம் அதிகம். நெறி கட்டுவதற்குள் கீறலே மறந்துபோயிருக்கும் என்பதால் டாக்டரிடம் பூனை வளர்ப்பதைச் சொல்லுங்கள். பூனையின் கடி இன்னும் மோசம். பல் ஊசி போல ஆழமாக இறங்கி மேலே மூடிக்கொள்ளும், ஒரே நாளில் கை வீங்கிவிடும். ரேபிஸ் ஊசியோடு ஆன்டிபயாடிக்கும் தேவைப்படும்.

கிளி, புறா?

பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல் மாதிரி கூண்டுப் பறவைகள் வளர்ப்பவர்கள் கூண்டைக் கூட்டும் முறையை மாற்றினால் போதும். காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்து மூச்சில் போகும்போதுதான் கிளிக்காய்ச்சல் வருகிறது. தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத் துடையுங்கள், மாஸ்க் போடுங்கள். பால்கனியில் புறா எச்சத்துக்கும் இதே முறைதான். வறட்டு இருமல் வாரக்கணக்கில் விடாதவர்கள் புறா விஷயத்தையும் நெஞ்சு டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது தொற்றாக இல்லாமல் நுரையீரல் ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

மீன் தொட்டியில்கூட நோய் இருக்கிறதா?

இருக்கிறது, யாரும் எதிர்பார்ப்பதில்லை. சென்னைக் கொளத்தூர் மாதிரி வண்ண மீன் தொழில் நடக்கிற இடங்களில் வேலை செய்கிறவர்களும், வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களும் விரலில் கீறலோடு தண்ணீரில் கை விட்டால், சில வாரம் கழித்து அங்கே சின்னதாக ஒரு முண்டு கிளம்பும். வலிக்காது. ஆறவும் ஆறாது. பிறகு மணிக்கட்டுப் பக்கம் இன்னொன்று, முன்கையில் இன்னொன்று என்று வரிசையாக ஏறும். காசநோய்க் கிருமியின் உறவுக்கார கிருமி ஒன்று செய்கிற வேலை. குணமாக மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். முழங்கை வரை கையுறை போடுங்கள், குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்காதீர்கள்.

ஆமைகளின் உடம்பில் சால்மோனெல்லா சகஜம். குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிற அளவுக்குச் சின்ன ஆமைகளை விற்பதை அமெரிக்காவில் 1975-லேயே தடை செய்துவிட்டார்கள். 5 வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆமை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் ஆடு, மாடு, கோழியும் உண்டு.

மாடு கன்று வீசினால், ஆடு குட்டி வீசினால், அதாவது கரு கலைந்து விழுந்தால், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள், புரூசெல்லோசிஸ் என்கிற தொற்றுநோயின் கிருமி அதில்தான் மொத்தமாக இருக்கும். பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். கோழிகள் ஒரேயடியாகச் செத்து விழுந்தால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள்.

நாயைக் கட்டிலில் படுக்க வைக்கலாமா? முகத்தை நக்க விடலாமா?

ஊசியும் பூச்சி மருந்தும் தவறாமல் போய்க்கொண்டிருக்கிற, உண்ணி இல்லாத நாய் கட்டிலில் படுப்பதில் ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை. முகத்தை நக்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அது கொஞ்ச நேரம் முன்பு எதை நக்கியது என்று உங்களுக்கே தெரியும். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள் வீட்டில் இரண்டுமே வேண்டாம். நாய் எச்சிலில் சாதுவாக இருக்கிற ஒரு கிருமி, மண்ணீரல் இல்லாதவரின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். அப்படிப்பட்டவர்கள் நாய் வளர்க்கலாம். குட்டியாக வாங்காமல் வளர்ந்த, நிதானமான நாயாக எடுப்பதும், மலம் அள்ளும் வேலையை வேறொருவரிடம் விடுவதும் நல்லது.

டாக்டரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

"வீட்டில் என்ன பிராணி இருக்கிறது?" என்று கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்ன பிராணி, புதிதாக வந்ததா, அதற்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா, கடித்ததா, கீறியதா, கூண்டையோ தொட்டியையோ நீங்கள் சுத்தம் செய்தீர்களா, எந்தத் தேதியில் என்று சொன்னால் பாதிச் சோதனை மிச்சமாகும். பிராணியின் தடுப்பூசி அட்டையை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வரும்போதும் அதேபோல, வீட்டில் யாருக்காவது அரிப்போ காய்ச்சலோ இருந்தால் சொல்லிவிடுங்கள். நாயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததைச் சில சமயம் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் முன்கையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.